இன்னும் மூணு எம்மெம்

திருச்செங்கோட்டில் போர் என்றால்
முதலில் மண்ணில் போடுவது.
அப்புறம்தான் வைக்கோல்.
சண்டை என்கிற அர்த்தம்
பள்ளிக்கூடப் புத்தகத்தோடு சரி.
"வண்டிக்குப் பெரிய போர் போடறனுங்க" என்றதும்
பட்டறையில் பஞ்சர் ஒட்ட வந்த ஆள் கேட்டான்:
"தண்ணி எத்தன அடியில எதிர்பாக்கறீங்க?"
நாலாயிரம், என்றேன். மேல்நோக்கி.

கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி.
இரண்டு பெட்டி, கூடாரம், தண்ணீர்க் கேன்,
எண்பத்தாறு கிலோ நான்.
முப்பதாவது வளைவில் என் முந்நூற்றைம்பது சிசி
ஒண்ணாம் கியருக்கும் ரெண்டாம் கியருக்கும் நடுவில்
கொட்டாவி விடும்.
பின்னால் வரும் மினி பஸ்ஸில் ஆட்டுக்குட்டிகூட
ஜன்னல் வழியாகப் பார்க்கும்.

பெஞ்சின் மேல் இரண்டு கிட்.
எழுபத்தெட்டு: வார்ப்புப் பிஸ்டன், ரிங், கேஸ்கெட்,
ஜெட் ஒன்றை மாற்றினால் போதும். விலை ஒரு கன்றுக்குட்டி.
எண்பத்தொன்று: அடித்து வார்த்த பிஸ்டன், கனத்த கிளட்ச் தட்டு,
ஆயில் கூலர். விலை கறவை மாடு, கன்றோடு.
மூன்றாவது வெளிநாட்டுச் சரக்கு.
விலையைக் கேட்டேன், போனை வைத்துவிட்டேன்.

தெய்வசிகாமணி லைனருக்குள் கேஜை இறக்கி
முள்ளைப் பார்த்தான். என் வயசுதான் அவனுக்கும்,
புத்தி சொல்கிற பழக்கம் கிடையாது.
"செவுரு ஆறரை இருக்குது.
எழுபத்தெட்டுன்னா மூணரை நிக்கும்.
எண்பத்தொண்ணுன்னா ரெண்டு.
ரெண்டும் ஓடும். எதுன்னு நீ சொல்லோணும்."

சங்ககிரியிலிருந்து கருணாம்பிகை போன் செய்தாள்.
லாரிக் கடன் கணக்குப் பார்க்கிறவள்,
வண்டியும் என்னுடையதைப் போலவே.
"கழட்டறதே கழட்டற, ராக்கியப்பா,
எச்சாப் போடு.
இன்னும் மூணு எம்மெம்முக்கு என்ன யோசனை?"

இன்னும்.
பதினொரு வருஷம் ரிக் லாரியில் இருந்தேன்.
ராய்ச்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு கருசக் காடு.
தொள்ளாயிரம் அடி, புழுதி.
இன்னும் நூறு போடலாமா, என்றார் காட்டுக்காரர்.
போடலாம், என்றேன்.
எனக்கு அடிக்கு இவ்வளவு என்று படி.
ஆயிரம். ஆயிரத்து நூறு.
மாட்டுக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றுவார்,
அவிழ்ப்பார், சுற்றுவார்.
மீசை வெளுத்துவிட்டது, சுண்ணாம்புப் புழுதி.
ஆயிரத்து முந்நூற்று நாற்பதில் சுத்தியல் சிக்கி
ராடு அறுந்தது.
அதற்குப் பிறகும் எங்களுக்குச் சோறு போட்டார்.
சோளச் சோறு. பல்லில் நறநறத்தது.
படியை எண்ணி வாங்கிக்கொண்டுதான்
லாரி ஏறினேன்.

"எழுபத்தெட்டு" என்றேன்.
தெய்வசிகாமணி ஏனென்று கேட்கவில்லை.
மிஷின் இறங்கியது.
விரித்த செய்தித்தாளில் இரும்புத்தூள்
கறுப்பு ரவை மாதிரி விழுந்தது.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஐம்பதில்.
பரமத்தி ரோட்டில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்
என்னை முந்தியது. டிரைவர் கையசைத்தான்,
நானும் அசைத்தேன்.

ஞாயிறு காலை காரவள்ளி.
அவள் எண்பத்தொன்று போட்டிருந்தாள்.
பன்னிரண்டாவது வளைவு வரை சத்தம் கேட்டது,
அப்புறம் குரங்குகள்தான்.
முப்பதில் என் வண்டி கொட்டாவி விடவில்லை,
ரெண்டாம் கியரிலேயே இழுத்தது.
அந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.
ஐம்பத்திரண்டில் கொஞ்சம் விட்டது.

சோளக்காட்டுச் சந்தையில்
பாதி அன்னாசி தின்று முடித்திருந்தாள்.
"மூணு எம்மெம் லேட்டு."
அவள் சிலிண்டர் பக்கம் உள்ளங்கையைக் கொண்டுபோனேன்.
சூடு.
என்னுடையதன் பக்கம்.
சூடு.
எது எச்சா என்று கைக்குத் தெரியவில்லை.
என்னத்தத் தேடற, என்றாள்,
மிளகாய்ப்பொடி தடவிய துண்டொன்றை நீட்டியபடி.